தவில்காரன் எழுதிய ‘இல்லை’

வெண்ணாவல் நாட்டை விசயதுங்க ராஜா ஆண்ட காலம். அங்கே ஒரு சட்டம் இருந்தது. தாலி கட்டாவிட்டாலும் பரவாயில்லை. ஓராண்டு ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்திருந்தால் வெளிதேசத்துத் துணையை ஊருக்குள் அழைத்து வரலாம். ஆனால் அழைப்பவன் ஓலையில் ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: ‘இதற்கு முன் எவளுக்காவது புருஷனாக இருந்ததுண்டா?’ ஒளித்தால் தொலைந்தான். வந்தவள் வந்த படகிலேயே திரும்ப வேண்டியதுதான்.

தவில்காரன் மாசிலாமணி, கடல் தாண்டி ஒரு தீவில் தன்னோடு இரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய சாருமதியை அழைத்து வந்தான். ஓலையில் ‘இல்லை’ என்று எழுதினான்.

எல்லை அதிகாரி உக்கிரசேனருக்கு மூக்கு நீளம். “பொய்! இவன் முன்பு கருவாட்டுக்கடை வடிவோடு மூன்று வருஷம் வாழ்ந்தவன்!” என்று துப்பறிந்து, சாருமதியைப் படகுத்துறையிலேயே நிறுத்திவிட்டார்.

மாசிலாமணி அழுதுகொண்டே அரசவை விதூஷகர் அம்பலக்கூத்தரிடம் ஓடினான்.

“ஏனப்பா ‘இல்லை’ன்னு எழுதினே?”

“வடிவு என்னைப் புருஷன்னு ஒருநாளும் ஒத்துக்கலையே சாமி!”

“ஒத்துக்கலையா? என்ன சொல்வாள்?”

மாசிலாமணி அவர் காதில் சொன்னான். கூத்தர் சிரிப்பை மேல்துண்டால் பொத்திக்கொண்டார். “அழாதே. சாட்சியை அவர்களே கூட்டி வரட்டும்.”

மறுநாள் ராஜாவும் ராணியும் சபையில் வீற்றிருக்க, உக்கிரசேனர் வடிவை முன்னால் நிறுத்தினார்.

“சொல் அம்மா, இவன் உன்னோடு வாழ்ந்தானா?”

“வாழ்ந்தானா? என் வீட்டுல கிடந்தான்! நாள் முழுக்க டமடமன்னு தவில். பயந்துபோய் என் பூனைகூட வீட்டை விட்டு ஓடிடுச்சு. கருவாட்டுக்கடைப் பூனைங்க அது!”

“கேட்டீர்களா மகாராஜா!” உக்கிரசேனர் மீசையை முறுக்கினார்.

கூத்தர் எழுந்தார். “எனக்கு ஒரே ஒரு சந்தேகம், தாயே. அந்த மூன்று வருஷமும் இவனை நீ அடிக்கடி ஒரு கேள்வி கேட்பாயாமே?”

வடிவு இடுப்பில் கையை ஊன்றினாள். “ஆமா, கேட்பேன். ‘நீயெல்லாம் ஒரு புருஷனா?’ன்னு கேட்பேன்!”

“அவன் என்ன சொல்வான்?”

“அவன் எங்கே வாயைத் திறந்தான்? ‘இல்லை’ன்னு நானே பதிலும் சொல்லிக்குவேன்!”

கூத்தர் ஓலையை உயர்த்திப் பிடித்தார். “மகாராஜா, ஓலையும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. கூட இருந்து பார்த்தவள் சொன்ன பதிலையே இவனும் எழுதியிருக்கிறான். ஓர் எழுத்துகூட மாறவில்லை. இதில் பொய் எங்கே?”

உக்கிரசேனரின் மீசை தானாகவே இறங்கியது. ராஜா கிரீடம் சரியும்படி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “விடுங்கள் அந்தப் பெண்ணை உள்ளே! கூத்தருக்குப் பட்டுச் சால்வை போடுங்கள்!”

மாசிலாமணி சபையை வணங்கக்கூட மறந்து துறைக்கு ஓடினான்.

ராணி மெல்லத் திரும்பினாள்.

“கூத்தரே, அந்தக் கேள்வியை நானும்தான் தினம் கேட்கிறேன். அப்படியானால் நம் மகாராஜா இன்னும் பிரம்மச்சாரிதானா?”

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

“சபை கலையலாம்!” என்றார்.