செல்லக்கிளி போட்ட சண்டை

துருக்கியில் ஒரு பங்களாவுக்குள் முன்பின் தெரியாத பத்துப் பேரைத் தங்கவைத்து டிவியில் காட்டினார்கள். நாகப்பட்டினத்தில் மீன் விற்கிற செல்லக்கிளி நன்றாகச் சண்டை போடுவாள் என்று நம்பித்தான் இயக்குநர் பரத்வாஜ் அவளைச் சேர்த்தார். அவளோ எல்லோருக்கும் சமைத்துப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். சமையல் சாமானைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார். அப்போதும் சண்டை வரவில்லை.

அவளைத் தனியே கூப்பிட்டார். "இன்னைக்கு நேரலையில நீ சண்டை போடணும். இல்லேன்னா ஊருக்குக் கிளம்பு."

"யாரோட சார்?"

"யாரோடயாவது போடு!"

நேரலை தொடங்கியதும் செல்லக்கிளி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேமராவுக்கு நேரே வந்து நின்றாள்.

"ஏன் பரத்வாஜ் சார், பத்துப் பேருக்கு ஆறு முட்டை அனுப்புறீங்களே, நாங்க அடிச்சிக்கிட்டுச் சாவணும்னா? வெளிய வாங்க, பேசுவோம்!"

மற்ற ஒன்பது பேரும் கைதட்டினார்கள். சொன்னபடி சண்டை போட்டவளை எப்படி அனுப்புவது? மறுநாளே சாமான் முழுசாக வந்தது. பரத்வாஜ்தான் வெளியே வரவில்லை.