ஓலையில் விற்ற சாமர்த்தியம்

ஆலங்கோட்டையை ஆண்ட ராஜா பூபாலருக்கு இரண்டே சந்தோஷம். ஒன்று சாப்பாடு. இன்னொன்று, சாப்பிட்ட பிறகு சாத்தையா பேசுவதைக் கேட்பது. சாத்தையா அரண்மனை விகடகவி. வாள் பிடிக்கத் தெரியாது, கணக்கு வராது. ஆனால் யார் எதைக் கேட்டாலும் கேட்டவர் வாயடைத்துப் போகிற மாதிரி ஒரு பதில் அவனிடம் இருக்கும். அதற்காகவே ராஜா அவனுக்கு ஒரு வீடும், கொஞ்சம் வயலும், சபையில் ஓர் ஆசனமும் கொடுத்திருந்தார்.

அந்த ஆசனம் கஜானா அதிகாரி வாஞ்சியப்பரின் கண்ணை உறுத்தியது. அவருடைய மைத்துனன் நமச்சிவாயம் வேலைவெட்டி இல்லாமல் அக்கா வீட்டில் மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனைச் சபையில் உட்கார வைத்துவிட்டால் வாஞ்சியப்பருக்கு வீட்டில் நிம்மதி. மனைவியின் தம்பி விஷயம், லேசுப்பட்டதா?

ஒரு நாள் அவர் ராஜாவின் காதைக் கடித்தார்.

"மகாராஜா, சாத்தையாவின் சாமர்த்தியம் ஒரே தலைக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதைப் பாடமாக எழுதச் சொல்லுங்கள். நகலெடுத்து ஊர் ஊராக அனுப்புவோம். படிக்கிறவன் வீட்டிலிருந்தே படிக்கட்டும். குருவின் முகத்தைப் பார்க்கவே வேண்டாம். கட்டணம் மட்டும் நம் கஜானாவுக்கு வரட்டும்."

இன்றைக்கு ஆன்லைன் கோர்ஸ் என்கிறோமே, அதேதான். செல்போனுக்குப் பதில் ஓலை.

ராஜாவுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. படிக்கிறவன் எவனாக இருந்தாலும் சாத்தையாவைப் போலவே பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சாத்தையாவுக்கு வேலை போகும் என்று உத்தரவு போட்டார். வாஞ்சியப்பர் விடவில்லை. ஆளாளுக்கு அப்படிப் பதில் சொல்லக் கற்றுவிட்டால் அப்புறம் சாத்தையா எதற்கு, நன்றாகப் படித்த ஒருவனை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாமே என்றார். மைத்துனன் பெயரையும் நைசாக நுழைத்தார். ராஜா அதற்கும் தலையாட்டினார். தைப்பூசத்தன்று ஆசனம் கைமாறுவதென்று முடிவாயிற்று.

அன்று சாத்தையாவுக்குச் சோறு இறங்கவில்லை. பாடம் நன்றாக இருந்தாலும் வேலை போகும், மோசமாக இருந்தாலும் போகும். வீட்டையும் வயலையும் விட்டுவிட்டுப் பெண்டாட்டி பிள்ளையோடு எங்கே போவது? பாவம், நிஜமாகவே பயந்துவிட்டான். பிறகு என்ன தோன்றியதோ, கை கழுவிக்கொண்டு எழுத்தாணியை எடுத்தான்.

பாடம் சக்கைப்போடு போட்டது. மாமியாருக்குப் பதில் சொல்ல மருமகள்கள் வாங்கினார்கள். அதைக் கேள்விப்பட்டு மாமியார்களும் வாங்கினார்கள். ஓலை கொண்டுபோகிறவர்களுக்குக் கால் வீங்கியது. வாஞ்சியப்பர் எல்லாம் தன் மூளை என்று மார்தட்டிக்கொண்டார். நமச்சிவாயம் அத்தனை ஓலைகளையும் மனப்பாடம் செய்துவிட்டான்.

தை பிறந்தது. அறுப்பு முடிந்து தண்டல்காரர்கள் வரி வசூலிக்கக் கிளம்பினார்கள். ஆலங்கோட்டையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வரி கொடுக்கும் முன் குடியானவன் ஒரு கேள்வி கேட்கலாம். மாசி முடிவதற்குள் தண்டல்காரருக்குப் பதில் வராவிட்டால் அந்த வருஷ வரி தள்ளுபடி. ராஜாவின் பாட்டனார் கோயிலில் சத்தியம் செய்து ஏற்படுத்தியது. அதிகாரி முன்னால் யாருக்கு நாக்கு எழும்? அதனால் வழக்கமே மறந்துபோயிருந்தது. சாத்தையா கடைசி ஓலையில் அதை ஞாபகப்படுத்தியிருந்தான்.

முதலில் ஆட்டுக்காரர் சடையாண்டி பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"இந்த ஆடெல்லாம் யாரோடதுங்க?"

தண்டல்காரர் மிடுக்காகச் சொன்னார். "இந்தச் சீமையில இருக்கிறதெல்லாம் மகாராஜாவோடதுதான்."

"அப்ப வருஷம் பூரா மகாராஜா ஆட்டைத்தான் மேச்சிருக்கேன். கூலி கொண்டாந்திருக்கீங்களா?"

தண்டல்காரர் வரி வாங்காமலே நகர்ந்தார். அடுத்த தெருவில் வாசல் வரி கேட்டார். அந்த வீட்டுப் பெண், இந்த வருஷம் எங்கள் வாசலை மிதித்த வெளியாள் நீங்கள் ஒருவர்தான், தேய்மானத்துக்கு நீங்கள்தானே கொடுக்க வேண்டும் என்றாள். சீமை முழுக்க இதே கதை. தண்டல்காரர்கள் வெறும் பையோடு திரும்பினார்கள். பாடம் விற்ற காசு, படைக்குச் சம்பளம் போடக்கூடப் போதவில்லை.

பூசத்துக்கு முதல் நாள் ராஜா சபையைக் கூட்டினார். பாட்டனார் செய்த சத்தியத்தை மீற முடியாது. நாளைக்கு ஆசனம் ஏறப்போகிற நமச்சிவாயத்திடமே வழி கேட்டார்.

நமச்சிவாயம் எழுந்து தொண்டையைச் செருமினான். "மகாராஜா, இந்த ஆடெல்லாம் யாருடையது?"

ராஜா முறைத்தார். பாவம், அவன் என்ன செய்வான்? அவன் படித்ததெல்லாம் அரசாங்கத்தை மடக்குகிற வித்தை. அரசாங்கத்துக்காகப் பேச ஓர் ஓலைகூட இல்லை.

ராஜா சாத்தையா பக்கம் திரும்பினார். "உன் பாடத்தால் வந்த வினை. ஒரு வழி சொல்."

"இரண்டாம் பாடம் தயார், மகாராஜா. முதல் பாடம் படித்தவர்களைச் சமாளிப்பது எப்படி? தண்டல்காரர்களுக்கு மட்டும்." சாத்தையா பவ்வியமாக ஓர் ஓலையை நீட்டினான்.

ராஜா ஆவலாக வாசித்தார். "ஆட்டுக்காரன் கூலி கேட்டால் சொல்ல வேண்டிய பதில்..." அதற்குமேல் ஓலை காலியாக இருந்தது. திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் காலி.

"மீதி எங்கே?"

"அரண்மனைப் பாடத்தை அரண்மனை ஊழியன்தான் எழுத வேண்டும். நாளைக்கு வேலை போகிறவன் எழுதினால் முறையாகுமா, மகாராஜா?"

ராஜாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வாஞ்சியப்பர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். ராஜா கையமர்த்தினார்.

"ஆசனம் ஆயுசுக்கும் உன்னுடையது. வீடும் வயலும் அப்படியே. எழுது."

சாத்தையா அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தான். ராஜா உரக்கப் படித்தார். "கூலியைத் தாராளமாக வாங்கிக்கொள்ளப்பா. மகாராஜாவின் ஆட்டில் வருஷம் பூரா நீ கறந்து விற்ற பாலுக்குக் காசை எண்ணி வை."

வயிறு குலுங்கச் சிரித்தார் ராஜா. சிரித்து முடித்ததும் அவருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம்.

"சாத்தையா, ஜனங்கள் இதற்கும் ஒரு பதில் கண்டுபிடித்துவிட்டால்?"

"அவர்கள் எதற்குச் சிரமப்பட வேண்டும், மகாராஜா? அதுதான் அடுத்த வருஷப் பாடம்."