மாப்பிள்ளைக் காருக்குப் பிரேக் ஹோஸ் மாற்றிய கதை

சரிவூரில் ஒரே ஒரு தெரு. மலையிலிருந்து வழுக்கி விழுந்த மாதிரி மேலிருந்து கீழே இறங்கும். மேல் முனையில் பெண் வீடு, கீழ் முனையில் மாப்பிள்ளை வீடு. வாயில் போட்ட வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் நடந்து வந்துவிடலாம். ஆனாலும் மாப்பிள்ளையைக் காரில்தான் அழைத்து வர வேண்டும் என்பது ஊர் வழக்கம். "கார் வராம எம்மவன் வாசப்படி தாண்ட மாட்டான்" என்று சம்பந்தி சங்கிலிமாடன் நிச்சயத்தன்றே சொல்லிவிட்டார்.

பெண்ணின் அப்பா பொன்னுலிங்கத்திடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. கல்யாணத்தன்று விடிந்ததும் அதன் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். கால் போய்க்கொண்டே இருந்தது. கார் கீழே இறங்காவிட்டால் மாப்பிள்ளை மேலே வரமாட்டான். மாப்பிள்ளை வராவிட்டால் மகள் பேச்சிக்குக் கல்யாணம் இல்லை. பொன்னுலிங்கம் டவுன் மெக்கானிக் சுலைமானுக்குப் போன் போட்டார்.

"நான் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வர முடியும் அண்ணாச்சி. போன வாரம் குடுத்த ரெண்டு புது ஹோஸும் இருக்குல்லா? நான் சொல்லச் சொல்லச் செய்யுங்க. முதல்ல சக்கரத்துக்கு அண்டைக் கல்லு வைங்க. பிரேக் சரியாகுத வரைக்கும் கல்லை எடுக்காதீங்க. அப்புறம் முன்சக்கரத்துக்கிட்ட இருக்க, பிரேக் ஆயில் போற ரப்பர் ஹோஸை வளைச்சுப் பாருங்க. வெடிச்சிருந்தா மாத்தணும். ஒண்ணு கெட்டாலும் ரெண்டையும் சேத்து மாத்தணும்."

பொன்னுலிங்கத்தின் மச்சினன்மார் மூவர்: செவத்தையா, நயினார், முப்பிடாதி. மூவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ஆளுக்கொரு கல்லைச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார்கள். வலது ஹோஸ் பாளம் பாளமாக வெடித்திருந்தது. இடது ஹோஸ் நன்றாக இருந்தது. அங்கேதான் சிக்கல்.

"கெட்டதை மாத்தலாம். கெடாததை எப்படி அத்தான் மாத்துறது?" என்றார் செவத்தையா.

"ஒரு தப்பும் பண்ணாததைக் கழட்டி எறிஞ்சா பாவம்லா?" என்றார் முப்பிடாதி.

நயினார் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "அப்போ முதல்ல அதைக் கெடுத்துருவோம்."

பிளேடு வந்தது. நல்ல ஹோஸில் வலதுபக்கத்தைப் போலவே, இடம் பார்த்து வெடிப்புகள் போட்டார்கள். பொன்னுலிங்கம் வளைத்துப் பார்த்து, "ஆமா, இதுவும் கெட்டுப்போச்சு" என்று வருத்தத்தோடு சொன்ன பிறகே கழற்றினார்கள். புதியவற்றை மாட்டினார்கள்.

"இனி ஆயில் ஊத்துங்க. குழாய்க்குள்ள துளி காத்து இருக்கக் கூடாது. இருந்தா பிரேக் பிடிக்காது" என்றது போன்.

பந்தலில் ஓடிய விசிறிகளை நிறுத்தினார்கள். காரைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினார்கள். அப்போது நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்தார். முப்பிடாதி பாய்ந்து போய்த் தடுத்தார்.

"ஊதாதேயும்வே! ஊர்க் காத்தெல்லாம் உம்ம குழாய் வழியா எங்க குழாய்க்குள்ள வந்துரும்!"

அதனால் தவில் மட்டும் தனியாக முழங்கியது. தெருக்காரர்கள் தண்டோரா என்று நினைத்து, சேதி கேட்க வாசலில் வந்து நின்றார்கள்.

"அண்ணாச்சி, இப்ப காத்து வெளியேறுத நட்டை லேசா லூஸ் பண்ணச் சொல்லிட்டு, பிரேக்கை மிதிச்சுப் பிடிங்க. நான் சொல்லுத வரைக்கும் காலை எடுக்கக் கூடாது. எடுத்தா காத்து ஏறிரும்" என்றார் சுலைமான். பொன்னுலிங்கம் மிதித்தார். போன் சார்ஜ் இல்லாமல் அணைந்தது.

முகூர்த்தம் நெருங்கியது. பொன்னுலிங்கத்தின் வலது கால் மரத்துப்போய், பிறகு யாருடைய கால் என்றே தெரியாத நிலைக்கு வந்தது. ஆனாலும் எடுக்கவில்லை. மகள் வாழ்க்கை அந்தக் காலுக்கடியில் இருக்கிறது.

சங்கிலிமாடன் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். "என்னவே, கார் எங்க?"

"இந்தா இருக்கு. ஆனா நகராது சம்பந்தி. கால் எடுக்கக் கூடாதாம்."

"கார் இல்லாம எம்மவன் வரமாட்டான்."

நயினார் தார்ப்பாய்க்குள்ளிருந்து தலையை நீட்டினார். "சம்பந்தி, மாப்பிள்ளை காருல இருந்து இறங்கணும். அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்."

"அப்போ இங்க வந்து ஏறி, இங்கேயே இறங்கட்டுமே."

சங்கிலிமாடனும் சரிவூர்க்காரர்தான். யோசித்துப் பார்த்தார்; ஒரு குறையும் தெரியவில்லை. மாப்பிள்ளை இசக்கிராசா தெருவேறி நடந்து வந்து, காரின் பின்பக்க இடது கதவில் ஏறி, வலது கதவில் இறங்கினான். பெண்கள் குலவையிட்டார்கள். காரில் வந்துவிட்டான்.

தார்ப்பாயை ஒரு பக்கம் தூக்கிப் பிடிக்க, பொன்னுலிங்கம் கல்யாணத்தைப் பின்னால் வருவதைக் காட்டும் கார்க் கண்ணாடியில் பார்த்தார். அதில் மாப்பிள்ளை இடது கையால் தாலி கட்டியது கொஞ்சம் உறுத்தியது. இருந்தாலும் ஜன்னல் வழியாக அட்சதை போட்டார்.

மணமக்களைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் போட்டோ எடுக்கும்போது சுலைமான் வந்தார். நேராகப் பந்தி நடக்கும் இடத்துக்குப் போனவர், போகிற போக்கில் திரும்பினார்.

"இன்னுமா மிதிச்சிட்டு இருக்கீக? காலை எடுங்க அண்ணாச்சி! சாப்பிட்டு வந்து பாக்கேன்."

பொன்னுலிங்கம் இரண்டு கைகளாலும் காலைத் தூக்கி வெளியே வைத்து இறங்கினார். எல்லோரும் காரைப் பார்த்தார்கள். கார் அசையவில்லை.

"அத்தான்! மிதிக்காமலே பிடிக்கு!" என்றார் செவத்தையா.

"புது ஹோஸ்லா" என்றார் முப்பிடாதி.

"பிரேக் சரியாகுத வரைக்கும்தான் கல்லு. சரியாயிட்டு" என்றார் நயினார். ஆளுக்கொரு கல்லை உருவினார்கள்.

கார் மெதுவாக யோசித்து, பிறகு முடிவெடுத்தது. பின்சீட்டு மணமக்களோடு தெருவில் நேராக இறங்கி, தண்டோராவுக்கு நின்றவர்களைத் தாண்டி, மாப்பிள்ளை வீட்டு வாசலை ஒட்டியிருந்த வைக்கோல்போரில் மூக்கைக் குத்தி நின்றது. இசக்கிராசாவின் அம்மா, மறுவீட்டுக்கு இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டார்களே என்று ஆலத்தித் தட்டோடு ஓடி வந்தாள். பேச்சி தலையிலிருந்த வைக்கோலைத் தட்டிக்கொண்டு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.

கையில் சோற்றோடு சுலைமான் தெருவுக்கு ஓடி வந்தார். பொன்னுலிங்கம் அவர் தோளில் தட்டிக் கொடுத்தார்.

"பயப்படாதீங்க பாய். பிரேக் அருமையாப் பிடிக்கு. என்ன, கொஞ்சம் தள்ளித்தான் பிடிக்கு."