வன்மீகநாதர் வீதி

முன்னொரு காலத்தில், ராஜாவின் வெற்றிலை வாடினால் மந்திரியின் முகமும் வாடியாக வேண்டும் என்றிருந்த ஒரு நாட்டில், வன்மீகநாதர் என்றொரு மந்திரி இருந்தார். அறிவுக்குக் குறைவில்லை. ஆனால் அடுத்தவர் இலையில் பெரிய அப்பளம் விழுந்துவிட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. அதிலும் அரண்மனை விகடன் மாடப்பனை ராஜா பார்த்துச் சிரித்துவிட்டால் போதும், மனிதருக்கு வயிறு பற்றி எரியும்.

அந்த ஊரில் ஆற்றுத்துறையிலிருந்து சந்தைக்கு வண்டி போக இரண்டு பாதைகள். மேற்கே போனால் முதலில் குறுகலான கோட்டைவாசல், பிறகு அகலமான சுற்றுச்சாலை. கிழக்கே போனால் முதலில் அகலமான சுற்றுச்சாலை, கடைசியில் குறுகலான மரப்பாலம். வண்டிகள் பாதி இப்படியும் பாதி அப்படியுமாகப் போய்க்கொண்டிருந்தன. நம் மந்திரி சும்மா இருப்பாரா? வாசலிலிருந்து நேரே பாலத்துக்கு ஒரு குறுக்குவழி வெட்டி, 'வன்மீகநாதர் வீதி' என்று கல்லும் நட்டார். அன்றிலிருந்து, ராஜாவின் வெற்றிலையை ஏற்றி வந்த வண்டி உட்பட, எல்லா வண்டிகளும் தாமதமாகத்தான் வந்தன. ஏனென்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஒருநாள் ராஜாவின் தட்டில் வெற்றிலை துவண்டு கிடந்தது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாளை மறுநாள் வெற்றிலை பச்சென்று வரவேண்டும்! சாலையை ஒரு முழம்கூடக் கூட்டக் கூடாது. வண்டியைக் கூட்டக் கூடாது. மாட்டின்மேல் ஓர் அடி விழக் கூடாது. யாரால் முடியும்?"

சபை குனிந்துகொண்டது. வன்மீகநாதர் மட்டும் எழுந்தார். "அரசே, தங்கள் விகடரால் ஆகாததும் உண்டா? முடியாவிட்டால் கழுதைமேல் ஏற்றி எல்லை கடத்திவிடலாம்."

"முடித்துவிட்டால்?" என்றார் ராஜா.

"என் ஆசனத்தையே அவருக்குத் தருகிறேன்!" சொன்ன பிறகுதான் மந்திரிக்குச் சுருக்கென்றது.

மாடப்பன் வணங்கினான். "உத்தரவு, அரசே. நாளை ஊரையே சபைக்குள் கொண்டுவருகிறேன்."

மறுநாள் சபையில் தரை முழுக்கச் சுண்ணாம்புக் கோடுகள். நெருக்கமான இரண்டு தூண்கள்தான் கோட்டைவாசல். ஒரு பலகைதான் பாலம். சபையைச் சுற்றி வரும் நடை இருபுறமும் சுற்றுச்சாலை. நடுவே ஒரு கோடு, மந்திரியின் வீதி.

"வண்டிகள் முந்நூறு; சபைப் பெரியவர்கள் பன்னிரண்டு. ஒருவர் இருபத்தைந்து வண்டிக்குச் சமம்" என்றான் மாடப்பன். "சந்தைக்கு முந்துபவனுக்கு நல்ல விலை. இங்கே முந்துபவருக்கு அரசர் கையால் தாம்பூலம்."

முதல் ஓட்டத்துக்கு நடுவழியைத் திரைபோட்டு மறைத்தான். ஆறு பேர் மேற்கே, ஆறு பேர் கிழக்கே. நேரம் பார்க்கத் தண்ணீரில் மிதக்கவிட்ட ஓட்டை வட்டிலில் பாதித் தண்ணீர் ஏறுவதற்குள் பன்னிரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். தாம்பூலம் பொக்கிஷக்காரர் உலகளந்தாருக்குக் கிடைத்தது. அவர் அதை மென்ற மெல்லலை வன்மீகநாதரால் பார்க்கவே முடியவில்லை.

மாடப்பன் திரையை விலக்கப் போனபோது மந்திரி எல்லாரையும் ஓரங்கட்டினார். "ஓய், கேளுங்க. நடுவழி பக்கமே யாரும் திரும்பாதீங்க. முன்னே மாதிரியே ஆறு ஆறா போவோம். என் வீதியால கெடுதல் இல்லேன்னு ஆயிடும், கழுதை அவனுக்கு." எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஓட்டம் தொடங்கியது. கிழக்கே நாலடி வைத்த மந்திரி திரும்பிப் பார்த்தார். தூண்களைத் தாண்டிய உலகளந்தாரின் பார்வை நடுக்கோட்டில் இருந்தது. பார்வைதான், கால் இல்லை. மந்திரிக்கு அது போதாதா? இன்னொரு தாம்பூலமும் அந்த வாய்க்கா? வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தூண்களை நோக்கிப் பாய்ந்தார். மந்திரியே போகிறாரே என்று மற்றவர்களும் பாய்ந்தார்கள். உலகளந்தாரும் நடுக்கோட்டில் ஓடினார். தூண்களுக்கிடையே தலைப்பாகையும் தொப்பையும் சிக்கின. எப்படியோ பிதுங்கி வெளியே வந்தவர்கள் அத்தனை பேரும் பலகையில் ஏற, பலகை கவிழ்ந்தது. வட்டில் நிறைந்து மூழ்கியது. ஒருவர்கூட வந்து சேரவில்லை.

"மந்திரி, சுற்றுச்சாலை காலியாகத்தானே கிடந்தது? அதில் ஏன் போகவில்லை?" என்றார் ராஜா.

கீழே கிடந்தவர் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது. "உலகளந்தார் முந்திவிடுவாரே, அரசே!"

"நேற்று துறையில் விசாரித்தேன், வண்டிக்காரர்களும் இதையேதான் சொன்னார்கள்" என்றான் மாடப்பன். "முன்பு பாதிப்பேர் வாசலில் காத்திருந்தார்கள், பாதிப்பேர் பாலத்தில் காத்திருந்தார்கள். குறுக்குவழி வந்தபின் எல்லாரும் இரண்டிலும் காத்திருக்கிறார்கள். கூட்டக் கூடாது என்றுதானே தங்கள் ஆணை? குறைக்கக் கூடாது என்று இல்லையே. நடுவழியை மூடச் சொல்லுங்கள்."

மூடினார்கள். மறுநாள் காலை வெற்றிலை கிள்ளினால் நொறுங்கும் பச்சையில் வந்தது. வன்மீகநாதர் எழுந்து, தம் ஆசனத்தைக் காட்டினார்.

"வேண்டாம், அரசே" என்றான் மாடப்பன். "இவர் எழுந்தால் மீதிப் பதினோரு பேரும் அதற்கு ஓடுவார்கள். அப்புறம் அதற்கொரு சுற்றுச்சாலை நான் போடவேண்டும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையை மாடப்பனுக்குப் போட்டு, தட்டு நிறைய வெற்றிலையும் தந்தார். அவன் அதைப் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டான்.

ஆசனம் தப்பியது, மானமும் பாதி தப்பியது. வன்மீகநாதர் கையில் இருந்த வெற்றிலையை மடிக்கப் போனார். போனவர் நிறுத்தி, பக்கத்தில் இருந்த உலகளந்தாரின் கையை எட்டிப் பார்த்தார்.

அந்த இலை ஒரு விரற்கடை பெரிதாக இருந்தது. அன்றும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.