படிக்குப் படி

கொன்றைக் காட்டில் கரியான் என்றொரு காட்டுப்பன்றி இருந்தது. மழைக்காலத்துக்கென்று பத்துப் படி நெல் சேர்த்து வைத்திருந்தது. உழுது நட்டுச் சேர்த்ததல்ல. உழவர் கண்ணில் படாமல் வயல் வயலாக ஓடிச் சேர்த்தது. பன்றிக்கு அதுவும் பாடுதான்!

அங்கே மாசிலாமணி என்ற நரி பொரிக்கடை போட்டிருந்தது. மாசில்லாதது பெயரில் மட்டும்தான். நெல்லைத் தூவினால் எலி வரும், பிடித்துத் தின்னலாம் என்பதால் அதற்கு நெல்மேல் கண்.

"வாங்க மாப்பிள்ளை! படிக்குப் படி! ஒரு படி நெல்லைக் கொட்டுங்க, ஒரு படி பொரியை அள்ளுங்க! குத்த வேணாம், புடைக்க வேணாம்!"

கரியானுக்கு வாயூறியது. "அளவு சரியா இருக்குமா, மாமா?"

"உங்க கண்ணெதிரே கோபுரமாக் குவிச்சு அளக்கிறேன்!"

பத்துப் படி போனது. பத்துப் படி வந்தது. மூட்டை பஞ்சு போல எழும்பியது. "பத்துப் படி சுமக்கிறேன், முதுகுக்கே தெரியலை! எனக்குத்தான் என்ன வலு!" என்று கரியான் வழியெல்லாம் பீற்றிக்கொண்டு போனது.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. மூட்டையின் அடியில் கொஞ்சம் பொரிதான் மிச்சம். வயிறோ தவிலடித்தது.

பக்கத்துப் புதரில் இருந்த கௌதாரி பூவாயி எட்டிப் பார்த்தது. விஷயத்தைக் கேட்டதும் ஒரு குச்சியின் இரு முனையிலும் ஓலைக் கூடை கட்டித் தொங்கவிட்டது. ஒன்றில் தன் நெல் ஒரு சிரட்டை, மற்றதில் பொரி ஒரு சிரட்டை. நெல் பக்கம் தொப்பென்று இறங்கியது! ஏழாவது சிரட்டைப் பொரியைப் போட்ட பிறகுதான் குச்சி நேராக நின்றது.

"அண்ணே, நீ வாங்கின பொரி ஒன்றரைப் படி நெல்லுக்குத்தான் ஈடு!"

கரியான் சீறிக்கொண்டு கடைக்கு ஓடியது.

"படி குறைஞ்சுதா மாப்பிள்ளை? குவிச்சுத்தானே அளந்தேன்!" என்று நரி இளித்தது. கரியானை வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பி வந்து நெடுநேரம் சேற்றில் கிடந்து யோசித்தது.

மறுநாள் களத்துமேட்டிலிருந்து ஒரு மூட்டைப் பதரை வாரிக்கொண்டு கடைக்குப் போனது. அங்கே மான்களும் முயல்களும் கூடியிருந்தன.

"மாமா, படிக்குப் படி! பொரி போடுங்க!"

நரி மூட்டைக்குள் கையை விட்டது. "அடப்பாவி! இது வெறும் பதர்! எடையே இல்லையே!"

"எடையா? படியில் குவிச்சு அளந்து பாருங்க, சரியா இருக்கும்!"

முயல்கள் விழுந்து விழுந்து சிரித்தன. மான்கள் முறைத்தன. கரியான் கோரைப்பல்லைக் காட்டிக்கொண்டு ஓரடி முன்னே வைத்தது.

"எடைக்கு எடைதான் நியாயம், ஒத்துக்கிறேன்!" என்று நரி அலறியது. தின்ற பொரிக்கு ஒன்றரைப் படியைக் கழித்துக்கொண்டு, எட்டரைப் படி நெல்லை மரியாதையாக அளந்து கொட்டியது.

படி நிறைந்ததை மட்டும் பார்த்து, அதில் எடை இருக்கிறதா என்று பாராதவனுக்கு வயிறு நிறையாது.