பக்கத்து வீட்டின் மதிப்பு

கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே. கடலோரத்தில் முத்தூற்றுப்பட்டினம் என்றொரு ஊர் செழித்திருந்த காலம் அது. அங்கே வீடு வாங்குவோருக்கு அரண்மனைக் கருவூலம் கடன் கொடுக்கும். ஆனால் அரசனின் மதிப்பாளர் என்ன மதிப்புச் சொல்கிறாரோ, அதற்கு மேல் ஒரு பொன்கூடக் கொடுக்காது.

மதிப்பாளர் பெயர் விடங்கன். அவர் பக்கத்து வீட்டுக்காரி நக்கண்ணை. அவள் கணவனைக் கடற்கொள்ளையர் பிடித்து வைத்துக்கொண்டு ஆயிரம் பொன் கேட்டார்கள். அவளிடம் இருந்ததெல்லாம் அந்தக் கல்வீடுதான்.

உப்பு வணிகன் வந்தான். ஆயிரம் தருகிறேன் என்றான். துணி வணிகன் வந்தான். அவனும் ஆயிரம் என்றான். குதிரை வணிகன் வந்தான். ஆயிரத்துக்கு மேலும் தருவதாகச் சொன்னான்.

விடங்கனுக்கோ அந்த வீட்டைத் தன் மருமகனுக்கு மலிவாக முடித்துவிட ஆசை. சுவரைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார். "அறுநூறுதான் பெறும்" என்றார்.

கருவூலம் அதற்குமேல் கடன் தர மறுத்தது. மீதியைக் கையிலிருந்து போட வழியில்லாமல் வணிகர் மூவரும் விலகினார்கள்.

"ஐயா, இது ஆயிரம் பெறும் என்று உங்களுக்கே தெரியும்" என்றாள் நக்கண்ணை.

"எனக்குத் தெரிந்தது அறுநூறுதான் அம்மா."

கொள்ளையர் வைத்த கெடு நெருங்கியது. வேறு வழியின்றி அறுநூற்றுக்கே விடங்கனின் மருமகனிடம் விற்றாள். கொள்ளையர் ஒரு பொன்னும் குறைக்கவில்லை. கணவனின் உடல்கூடக் கரைக்கு வரவில்லை. அவள் ஊரைவிட்டே போய்விட்டாள்.

சில ஆண்டுகள் சென்றன. விடங்கனின் ஒரே மகன் சாத்தன் ஒரு சண்டையில் ஒருவனைக் கொன்றுவிட்டான். இறந்தவன் வீட்டாருக்கு ஆயிரம் பொன், இல்லையேல் சாத்தனின் உயிர் என்றது தீர்ப்பு. மருமகன் கைவிரித்தான். விடங்கன் தன் வீட்டை விலை பேசினார். ஆயிரத்துக்கு ஆளும் கிடைத்தான். அவனும் கருவூலக் கடனைத்தான் நம்பியிருந்தான்.

தன் வீட்டைத் தானே மதிப்பிடக் கூடாது என்பது சட்டம். வேற்றூர் மதிப்பாளர் வந்தார். வீட்டை அளந்தார், தெருவில் விசாரித்தார்.

"பக்கத்து வீடும் இதே கல், இதே அகலம். அறுநூற்றுக்குத்தானே போயிருக்கிறது? இதுவும் அறுநூறுதான்" என்றார்.

விடங்கன் வாயைத் திறந்தார். அது பொய் மதிப்பு என்று ஒரு சொல் சொன்னால் மகன் பிழைப்பான். ஆனால் பொய் மதிப்புச் சொன்னவனுக்கு அந்நாட்டில் தலை தப்பாது.

"ஏதேனும் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார் வந்தவர்.

"இல்லை" என்றார் விடங்கன்.

சாத்தனைக் கொலைக்களத்துக்கு நடத்திப் போனார்கள். தந்தையின் வீட்டைத் தாண்டித்தான் வழி. விடங்கன் கதவைத் திறக்கவில்லை.

அடுத்தவர் பொருளைப் பொய்யாகக் குறைத்து மதிப்பவன், தன் பொருளையும் அதே பொய்க்குப் பறிகொடுப்பான்.