ஈரம் காயாத உலகம்

ஏரிக்கரை மடத்தில் ஓர் உலகம் இருந்தது. விளாம்பழம் அளவு. களிமண்.

மடத்தைத் தொடங்கியவர், ஏரி வற்றிய ஆண்டில் அடியில் மிஞ்சிய சேற்றை அள்ளி அதை உருட்டினாராம். நகத்தால் கீறி மலை வைத்தார். கட்டைவிரலால் அழுத்திக் கடல் வைத்தார்.

"என் ஞாபகமா இதை வச்சுக்கங்க. காயவிடாமப் பாத்துக்கப் பழகினா ஏரியையும் பாத்துக்குவீங்க" என்று சொல்லிப் போய்ச் சேர்ந்தார்.

அன்று முதல் சீடர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஈரத்துணியில் பொதிந்து வைக்க வேண்டும். காலையில் பிரித்து, கையை நனைத்து, விரிசல் கண்ட இடத்தைத் தடவி மூட வேண்டும். காயவிட்டவர் மடத்தில் இருக்க முடியாது என்று ஒரு பேச்சும் உண்டு.

ஆவணியில் தாண்டவன் முறை. செங்கல் சூளையில் மேஸ்திரியாக இருந்து, தலை நரைத்த பிறகு சீடரானவர். குரு பூரணியம்மாள் அவரைவிட இளையவர். இவர் 'அம்மா' என்பார்; அம்மாள் இவரை 'அண்ணே' என்பார்.

காலையில் தாண்டவன் துணியைப் பிரிக்கும்போதெல்லாம் பூரணியம்மாள் ஈரக் கையோடு பக்கத்தில் வந்து நிற்பார். ஒன்றும் பேச மாட்டார். மேற்பார்வை என்று நினைத்துத் தாண்டவன் இன்னும் அழுத்தித் தடவுவார்.

அந்த மாதம்தான் பேரனுக்குக் காதுகுத்து. 'அப்பா வராம ஊசி தொடமாட்டோம்' என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். போனால் உருண்டையை யார் பார்ப்பது? அவர் யாரையும் கேட்கவில்லை. சூளைக்காரர் புத்தி வேறு வழி கண்டது. பூரணியம்மாள் வெளியூர் போயிருந்த சமயம், உருண்டையை நிழலில் உலர்த்தி, உமி மூட்டம் போட்டுப் பதமாகச் சுட்டு எடுத்தார்.

அம்மாள் திரும்பியதும் சிவந்த உருண்டையைப் பெருமையாக நீட்டினார்.

"இனி யாரும் நனைக்க வேணாம்மா. நூறு வருஷம் நிக்கும்."

பூரணியம்மாள் சுண்டிப் பார்த்தார். 'டங்' என்றது.

"நல்லா வெந்திருக்கண்ணே. இட்லியா இருந்தா இன்னும் ரெண்டு கேட்டிருப்பேன்."

மலைக்கும் கடலுக்கும் நடுவே மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடியது.

"இதை மட்டும் மூடிடுங்க."

தாண்டவன் கையை நனைத்துத் தடவினார். மறுபடி நனைத்தார், மறுபடி தடவினார். தண்ணீர் முழங்கைவரை வழிந்தது.

"மூடலையேம்மா."

"போன வாரம் மூடுச்சே."

தாண்டவன் உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்த் துணிமூட்டையோடு வந்தார்.

"காதுகுத்துக்கா?"

"காயவிட்டவன் இங்க இருக்கக் கூடாதே. அப்படியே போயிடறேன்."

"நீங்க காயவிட்டீங்களா என்ன? சுட்டுட்டீங்க. அதுக்கு இன்னும் சட்டம் போடலை." பூரணியம்மாள் சிரித்தார். "பொதிஞ்சு வச்ச துணி எங்கே?"

மூலையில் கிடந்தது. சேறு காய்ந்து அப்பளம்போல் விறைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு அம்மாள் ஏரிக்கு நடந்தார். தாண்டவன் மூட்டையும் உருண்டையுமாகப் பின்னால் ஓடினார்.

கரையோரம் புதுக் களிமண்ணைக் குவித்து, துணியை ஏரியில் முக்கி, அதன்மேல் பிழிந்தார் அம்மாள். பழைய உலகம் கலங்கல் நீராக ஒழுகிப் புதுமண்ணில் இறங்கியது.

"பிசைங்க மேஸ்திரி."

பிசைந்தார். உருட்டினார். மலை சரியாக வந்தது. கடல் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

"மீனுக்கெல்லாம் கொண்டாட்டம்தான்" என்றார் அம்மாள்.

"அப்ப இந்தச் சுட்டதை என்ன பண்றது?"

"சமையக்கட்டுக் கதவு காத்துக்கு அடிச்சுக்குது. முட்டுக் கொடுப்போம்."

தாண்டவனுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றது.

"இதையும் தினம் நனைக்கணுமே. நான் இருந்துடறேம்மா. மகளுக்குச் சொல்லி அனுப்பிக்கலாம்."

பூரணியம்மாள் குனிந்து ஏரியில் கைகளை அலசினார். சொட்டச் சொட்ட இரண்டையும் அவர் முன்னால் நீட்டினார்.

தாண்டவன் அந்தக் கைகளைப் பார்த்தார்.

"முன்னாடியே கேட்டிருந்தா உருண்டையை வாங்கியிருப்பீங்களாம்மா?"

"தினம் காலையில ஈரக் கையோட பக்கத்துல வந்து நின்னேனே அண்ணே. எதுக்குன்னு நினைச்சீங்க?"